கல்லறை காலி, கதை பாக்கி

மூன்று ஐரோப்பிய எஜமானர்களைப் பார்த்துவிட்டது கொச்சி புனித பிரான்சிஸ் தேவாலயம். கட்டிடம் பிழைத்தது. அதைச் சுற்றியிருந்தவர்களின் சரித்திரம்?

கொச்சிக் கோட்டைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் இரண்டு விஷயங்களைத் தவறவிடுவதில்லை. ஒன்று, கடல் முகத்துவாரத்தில் தூக்கி இறக்கப்படும் சீன வலைகள். இன்னொன்று, பரேடு மைதானத்தின் ஓரத்தில் கோபுரமோ ஆடம்பரமோ இல்லாமல் நிற்கும் புனித பிரான்சிஸ் தேவாலயம். உள்ளே நுழைந்தவர்கள் பலிபீடத்தைப் பார்ப்பதற்கு முன்பே தென்புறத் தரையில் தடுப்புக்குள் கிடக்கும் ஒரு கல்லைச் சூழ்ந்துகொள்கிறார்கள். வாஸ்கோட காமாவின் கல்லறை. போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பலருக்கு வெளியே வரும்போதுதான் தெரிகிறது, கல்லுக்குக் கீழே ஆள் இல்லை என்று.

காமா இங்கே இருந்தது பதினான்கு, பதினைந்து வருடங்கள்தான். மூன்றாவது முறையாக, இம்முறை வைஸ்ராயாக, 1524 செப்டம்பரில் இந்தியா வந்தவர் அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி கொச்சியில் இறந்தார். இந்தத் தேவாலயத்தில் புதைத்தார்கள். 1539இல் அவரது மகன் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துச் சென்றுவிட்டார். இன்று காமாவுக்கான அலங்காரக் கல்லறை லிஸ்பனில் ஜெரோனிமஸ் மடாலயத்தில் இருக்கிறது. கொச்சிக்கு மிஞ்சியது கல் மட்டும். ஆனால் ஐந்நூறு வருடங்களாக இந்தக் கட்டிடத்துக்குப் பெயர் வாங்கித் தருவது அந்தக் காலிக் கல்லறைதான்.

அதுதான் பிரச்சினையும்கூட. காமாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், இந்தச் சுவர்களுக்குப் பின்னால் நடந்த பெரிய கதையைத் தவறவிடுகிறார்கள். அதில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு.

கல் வைக்க அனுமதி

கொச்சித் துறைமுகமே வெள்ளத்தின் குழந்தை. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய முசிறித் துறையைத் தூர்த்துவிட்டுக் கொச்சி முகத்துவாரத்தை அகலப்படுத்தியது என்பது பொதுவான கருத்து. புதிய துறைமுகத்துக்கு அரசர் இருந்தார். பலம் இல்லை. வடக்கே கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கை ஓங்கியிருந்தது. 1500இல் கப்ரால் தலைமையில் போர்த்துகீசியக் கப்பல்கள் வந்து நின்றபோது, சாமூதிரியைச் சமாளிக்க ஒரு துணை கிடைத்தது என்று கொச்சி அரசர் நினைத்தார்.

அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1503இல் சாமூதிரியின் படை கொச்சியைத் தாக்கியது. அரசர் எதிர்க்கரையிலுள்ள வைப்பின் தீவில் அடைக்கலம் புகுந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் அல்புகர்க் வந்து அவரை மீண்டும் அரியணையில் உட்காரவைத்தார். நன்றிக்கடனாகக் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. தென்னை மரங்களை நட்டு, இரும்புப் பட்டையால் இறுக்கி, நடுவில் மண் கொட்டிய கோட்டை அது. உள்ளே மரத்தால் ஒரு சிறு கோவில். புனித பர்த்தலோமேயுவின் பெயரில் எழுந்த அந்த மரக் கட்டிடம்தான் இன்றைய தேவாலயத்தின் தொடக்கம்.

ஏன் மரம்? கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுவது அந்நாளில் எல்லோருக்கும் உரியதல்ல. கோவிலும் அரண்மனையும் மட்டுமே அப்படி இருக்கலாம் என்பது மலபார் வழக்கம். வெளிநாட்டு வியாபாரி கல்லில் கட்டினால் அவன் திரும்பிப் போகப்போவதில்லை என்று அர்த்தம். 1506இல் வைஸ்ராய் அல்மெய்தாவுக்கு அந்த அனுமதி கிடைத்தது. பத்து ஆண்டுகளில், 1516இல், பிரான்சிஸ்கன் துறவிகள் புதிய தேவாலயத்தைக் கட்டி முடித்துப் புனித அந்தோணியாருக்கு அர்ப்பணித்தார்கள். இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய தேவாலயங்களில் மிகப் பழமையானது இதுவே என்று கருதப்படுகிறது. அரசர் கொடுத்தது கட்டிட அனுமதி. போர்த்துகீசியர் எடுத்துக்கொண்டது குடியுரிமை.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கேரளத்தில் கிறிஸ்தவம் போர்த்துகீசியரோடு வந்தது அல்ல. கி.பி. 52இல் புனித தோமா வந்தார் என்ற மரபைப் பேணும் நஸ்ரானிகள் பல நூற்றாண்டுகளாகச் சிரிய மொழி வழிபாட்டோடு இங்கே வாழ்ந்து வந்தார்கள். கோட்டைக்குள் எழுந்தது ஐரோப்பியருக்கான கோவில். அந்த இரு கிறிஸ்தவங்களும் பின்னால் மோதிக்கொண்டன.

கொச்சியில் அச்சான தமிழ்

இதற்குப் பக்கத்திலேயே சாந்தா குரூஸ் தேவாலயம் வளர்ந்தது. 1558இல் அது கதீட்ரல் ஆனது. கொச்சி ஆயரின் அதிகாரம் மலபாரோடு நிற்கவில்லை. 1606இல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டமாகப் பிரியும்வரை சோழமண்டலக் கரையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. தூத்துக்குடிக் கடற்கரையில் ஞானஸ்நானம் பெற்ற பரதவர்களுக்கும் கொச்சிக்கும் இடையே பாதிரியார்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் போக்குவரத்தின் விளைவு தமிழ்ப் புத்தக வரலாற்றில் நிற்கிறது. அண்டிரிக் அடிகளார் என்று தமிழர்கள் அழைத்த ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் தயாரித்த 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. மறு ஆண்டே, 1579இல், 'கிரீசித்தியானி வணக்கம்' கொச்சியில் சேசு சபையினரின் கல்லூரியில் அச்சானது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் வெளிவந்த மிகப் பழைய அச்சுப் புத்தகங்களில் இதுவும் ஒன்று. சென்னையில் ஆங்கிலேயர் கால் வைப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைப்பதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பு கொச்சியில் தமிழ் அச்சேறிவிட்டது.

கொச்சிக் கோட்டைத் தெருக்களில் அதற்கு அடையாளம் எதுவும் இல்லை. கல்லூரி அழிந்துபோனது. அழித்தவர்கள் அடுத்த எஜமானர்கள்.

சாய்ந்த சிலுவை

அதற்கு முன்பே போர்த்துகீசியரின் ஆன்மிக அதிகாரம் ஆட்டம் கண்டுவிட்டது. 1599இல் உதயம்பேரூரில் கூட்டிய மாநாட்டில் நஸ்ரானிகளின் சிரிய வழிபாட்டு நூல்கள் தவறானவை என்று முத்திரை குத்தப்பட்டன. பல நெருப்புக்கு இரையாயின. அந்தப் புண் ஆறவில்லை.

1652இல் அகத்தல்லா என்ற மேற்காசிய ஆயர் ஒருவர் மயிலாப்பூரில் வந்து இறங்கினார். போர்த்துகீசியர் அவரைத் தடுத்து வைத்தார்கள். யாத்திரை போயிருந்த கேரள நஸ்ரானிகள் வழியாகச் செய்தி ஊருக்கு வந்தது. கோவா செல்லும் கப்பலில் அவர் கொச்சிக்கு வந்தபோது பார்க்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அனுமதி இல்லை. அவரைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. அவர் கோவாவுக்கும் பிறகு ஐரோப்பாவுக்கும் அனுப்பப்பட்டார் என்று பின்னால் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் கரையில் நின்றவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

1653 ஜனவரி 3ஆம் தேதி மட்டாஞ்சேரியில் கூடிய கூட்டம், சேசு சபையினருக்கு இனி கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்தது. எல்லோராலும் சிலுவையைத் தொட முடியவில்லை. சிலுவையில் கயிறுகளைக் கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு சபதம் செய்தார்கள். இழுப்பில் சிலுவை சாய்ந்தது என்கிறது மரபு. அதனால் அது 'கூனன் குரிசு' சத்தியம். கேரளக் கிறிஸ்தவர்களிடையே இன்றுள்ள பல பிரிவுகள் தங்கள் வரலாற்றை அந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குகின்றன. அது கிளர்ச்சியா, பிளவா, விடுதலையா என்பதில் மட்டும் இன்றுவரை ஒற்றுமை இல்லை.

மட்டாஞ்சேரி கோட்டையிலிருந்து நடந்து போகும் தூரம்தான். காமாவின் கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள் மட்டாஞ்சேரியில் யூதர் தெருவுக்கும் மசாலாக் கடைகளுக்கும் போகிறார்கள். கூனன் குரிசு கோவிலைத் தேடிப் போகிறவர்கள் குறைவு.

இடிக்காமல் விட்டது

சத்தியம் நடந்து பத்தாவது ஆண்டில், 1663 ஜனவரியில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கொச்சியைப் பிடித்தது. புராட்டஸ்டன்ட் ஆட்சியாளர்கள். கோட்டைக்குள்ளிருந்த கத்தோலிக்கக் கோவில்களும் மடங்களும் ஒவ்வொன்றாக விழுந்தன. சேசு சபைக் கல்லூரியும் போனது. சாந்தா குரூஸ் கதீட்ரல் ஆயுதக் கிடங்காகியது.

பிரான்சிஸ்கன்களின் கோவில் மட்டும் ஏன் தப்பியது? டச்சுக்காரர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை தொழ ஓர் இடம் வேண்டியிருந்தது. பீடங்களையும் திருவுருவங்களையும் அகற்றினார்கள். அவை வைப்பினிலுள்ள நம்பிக்கை மாதா கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தன என்பது வழிவழியாக வரும் செய்தி. வெறுமையான கூடத்தில் மேஜையும் பிரசங்க மேடையும் வந்தன. 1779இல் பழுதுபார்த்தபோது அந்த ஆண்டை முகப்பில் பதித்துவைத்தார்கள். கட்டியது 1516 என்று எங்கும் பொறிக்கவில்லை. பழுது பார்த்தவர்களுக்குத்தான் விளம்பர ஆசை அதிகம். மட்டாஞ்சேரியிலும் இதே கதைதான். 1555இல் போர்த்துகீசியர் அரசருக்குக் கட்டிக் கொடுத்த அரண்மனையைப் பின்னால் டச்சுக்காரர்கள் செப்பனிட்டார்கள். இன்று அதற்குப் பெயர் 'டச்சு அரண்மனை'.

1795இல் கொச்சி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. தேவாலயத்தைச் சில ஆண்டுகள் டச்சுக்காரர்களிடமே விட்டுவைத்தார்கள். 1804இல் டச்சுக்காரர்களே அதை ஆங்கிலிக்கன் சபையிடம் ஒப்படைத்தார்கள். புனித பிரான்சிஸ் என்ற பெயரும் இந்தக் கட்டத்தில்தான் வந்திருக்க வேண்டும் என்று நம்பப்படுகிறது. 1806இல் கோட்டையை ஆங்கிலேயர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பழைய சாந்தா குரூஸ் கதீட்ரலும் அவர்கள் கையில் இடிந்தது. அதன் கருங்கல் தூண்களில் ஒன்று, 1905இல் அபிஷேகமான இன்றைய சாந்தா குரூஸ் பசிலிக்கா வளாகத்தில் நிற்கிறது.

ஒரே பகுதியில் இரண்டு கோவில்கள். ஒன்று கிடங்காகி இடிந்தது. மற்றது மதப் பிரிவு மாறி மாறிப் பிழைத்தது. கல்லின் உறுதி மட்டும் இதற்குக் காரணமில்லை. கர்நாடகத்தில் ஹாசன் அருகே ஷெட்டிஹள்ளியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் கட்டிய ஒரு தேவாலயம் ஹேமாவதி நீர்த்தேக்கத்தின் கரையில் நிற்கிறது. மழைக்காலத்தில் பாதி மூழ்கும். கோடையில் வெளியே வரும். அணைக்காக ஊர் காலி செய்யப்பட்டதும் கூரை போனது, மணி போனது, சுவர்கள் மட்டும் மிஞ்சின. கொச்சியிலும் மூன்று பக்கம் தண்ணீர்தான். ஆனால் இங்கே ஞாயிறு ஆராதனைக்கு ஆள் வருவது நின்றுவிடவில்லை. ஒவ்வொரு எஜமானனுக்கும் இது தேவைப்பட்டது. தேவைப்பட்டதால் கூரை மாற்றினார்கள்.

சுவரில் ஏறியவர்கள்

1886இல் தரையில் கிடந்த கல்லறைக் கற்களைப் பெயர்த்துச் சுவர்களில் பதித்தார்கள். வடக்குச் சுவரில் போர்த்துகீசியர்கள், தெற்குச் சுவரில் டச்சுக்காரர்கள். உயிரோடு இருந்தபோது நேருக்கு நேர் துப்பாக்கி பிடித்தவர்கள் இப்போது எதிரெதிர்ச் சுவர்களில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேடயச் சின்னங்களும் கப்பல்களும் செதுக்கிய அந்தக் கற்களில் அதிகாரிகள், வியாபாரிகள், அவர்களது மனைவிமார், குழந்தைகள். 1751 முதல் 1804 வரையிலான ஞானஸ்நான, திருமணப் பதிவேடான 'டூப் புக்' என்ற டச்சுக் கையெழுத்துப் புத்தகமும் இங்கேதான் இருக்கிறது.

மேலே பார்த்தால் மரச்சட்டத்தில் தொங்கும் நீண்ட துணி விசிறிகள். ஆங்கிலேயர் கால 'பங்கா'. கயிறு சுவரைத் துளைத்து வெளியே போகிறது. உள்ளே பிரசங்கம் முடியும்வரை வெளியே ஒருவர் உட்கார்ந்து அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அவர்களில் ஒருவருக்கும் சுவரில் கல் இல்லை.

கயிறு இழுத்தவரோடு பட்டியல் முடிவதில்லை. கொச்சியில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கோட்டைவாசிகள் குடிக்க ஆலுவாவிலிருந்து பெரியாற்று நீர் படகில் வந்தது. படகோட்டிகள் யார் என்று பதிவேடு சொல்லாது. பதினெட்டாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களது வழித்தோன்றல்கள் இன்றும் கொச்சிக் கோட்டையில் வெளி மைதானத்துக்கு அருகே துணி துவைக்கிறார்கள். பொதுக் குளங்களில் துவைத்தவர்களுக்கு 1976இல் கொச்சி வளர்ச்சிக் குழுமம் தனி தோபி கானா கட்டிக் கொடுத்தது. கல்லில் அடித்து, கஞ்சி போட்டு, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் கிளிப் இல்லாமல் துணி உலர்த்துவது அவர்கள் பாணி. வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், வெளியே மலையாளம். இவர்கள் வெளுத்த வெள்ளை உடுப்பில்தான் டச்சு அதிகாரிகள் இந்தக் கோவிலுக்கு வந்திருப்பார்கள்.

இன்னும் கசப்பான பகுதி ஒன்று உண்டு. டச்சுக் கொச்சி மிளகு மட்டும் ஏற்றுமதி செய்யவில்லை. மனிதர்களையும் ஏற்றுமதி செய்தது. இங்கிருந்து அடிமைகள் நன்னம்பிக்கை முனைக்கும் பத்தேவியாவுக்கும் போனார்கள். அடிமை விற்பனை, நிலம் விற்பதுபோல, பத்திரம் எழுதிப் பதிவு செய்யப்பட்டது. விற்றவர், வாங்கியவர், விற்கப்பட்டவர் பற்றிய விவரங்கள் அவற்றில் உண்டு.

அந்தப் பத்திரங்களைப் பார்க்கக் கொச்சிக்குப் போக வேண்டியதில்லை. டச்சுக் கொச்சியின் ஆவணங்கள் ஆங்கிலேயர் கைக்கு மாறி, மதராஸ் மாகாண அரசிடம் வந்து சேர்ந்தன. இன்று அவை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றை வைத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் இந்தியப் பெருங்கடல் அடிமை வியாபாரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

யாருக்கு மரியாதை?

காமா கோழிக்கோடு அருகே கரையேறி 500 ஆண்டுகள் ஆனதைக் கொண்டாடலாம் என்ற பேச்சு 1998இல் எழுந்தபோது கேரளத்திலும் கோவாவிலும் எதிர்ப்புக் கிளம்பியது. நியாயமான எதிர்ப்பு. 1502இல் மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்ரீகர்களின் கப்பலை, பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்க, எரித்தவர் காமா. அதே சமயம், அந்தக் கோபத்தில் அவரது கல்லறை இருக்கும் கட்டிடத்தின்மேல் யாரும் கை வைக்கவில்லை. கொச்சியின் முதிர்ச்சிக்கு இது ஒரு சான்று.

அதற்கு முந்தைய ஆண்டு, 1997 அக்டோபரில், சென்னையில் கமல்ஹாசனின் 'மருதநாயகம்' தொடக்க விழாவுக்கு வந்த எலிசபெத் ராணி அடுத்துக் கொச்சி வந்தார். இந்தத் தேவாலயத்துக்கும் வந்தார். படம் வெளிவரவில்லை. தேவாலயம் அப்படியே இருக்கிறது.

1923 முதல் அது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். பராமரிப்பு இந்தியத் தொல்லியல் துறையிடம். வழிபாடு 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிடம். இரண்டும் ஒரே கூரைக்குள் நடக்கின்றன. இப்படிப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடம் கூடாது என்கிறது சட்டம். கோட்டைப் பகுதியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. பழம்பெருமைக்கு அவர்களும் ஒரு விலை கொடுக்கிறார்கள்.

உப்புக்காற்று, மழை, வேலியேற்றத்தின்போது கொச்சியின் தாழ்வான தெருக்களுக்குள் ஏறும் கடல்நீர் என்று கட்டிடத்துக்கு எதிரிகள் உண்டு. அவற்றைச் சமாளிக்கச் சுண்ணாம்பும் பணமும் கவனமும் போதும். கதையின் மற்றப் பாதியைக் காப்பாற்ற வேறு வேலைகள் தேவை. கொச்சியில் தமிழ்ப் புத்தகம் அச்சான செய்தியைச் சொல்லும் ஒரு பலகை. கோட்டையையும் கூனன் குரிசையும் தோபி கானாவையும் ஒரே பாதையில் இணைக்கும் வழிகாட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, எழும்பூர் அலமாரிகளில் இருக்கும் பழைய டச்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள். இந்தியாவில் அதைப் படிக்கக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கொச்சியின் தெற்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும் இருப்பவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. அவை இன்னும் சில நூற்றாண்டுகள் தாங்கும். விற்கப்பட்டவர்களின் விவரங்கள் காகிதத்தில் இருக்கின்றன. காகிதம் அவ்வளவு நாள் காத்திருக்காது.